மயிலாப்பூரில் வருத்தம் என்றால்

மயிலாப்பூரில் தடிமன் என்றால் உடம்பு பருத்திருப்பது. இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவர்கள் சிரிக்கலாம். இங்கே வந்த புதிதில் மாடவீதி மருந்துக் கடையில் நின்று, "பிள்ளைக்குத் தடிமன், கொஞ்சம் வேர்க்கொம்பு தாருங்கோ" என்று கேட்டேன். கடைக்காரர் என் பக்கத்தில் நின்ற மகனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, ஊதினா பறந்துடுவான் போல கீறான், இவனுக்கா தடிமன்?" என்றார். மூக்கு ஒழுகுவதைக் கையால் காட்டினேன். "ஜலதோசமா? அத்தச் சொல்லு. சுக்கு எடுத்துக்கினு போ" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மகன் பாலன் அப்போது சின்னப் பையன். வீடு வரும்வரை அவன் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஊரில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் பழகி, அந்தக் கைவேலையை நம்பியே குடும்பத்தோடு சென்னைக்கு வந்தேன். காலை முதல் மாலை வரை மற்றவர்களின் சொற்களை ஈய எழுத்தில் தலைகீழாக அடுக்குகிறேன். ஆகையால் நாம் ஊரில் வருத்தம் என்று சொல்வதற்கு இங்கே வியாதி என்று பேர், இங்கே வருத்தம் என்றால் மனத்துயரம் மட்டுமே என்பது என் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். நாக்குக்குத்தான் தெரியாது. பயம் வந்தால் அது ஊருக்கு ஓடிவிடுகிறது.

எனக்குப் பயம் அடிக்கடி வரும். பாலன் கைக்குழந்தையாக இருக்கும்போதே மார்கழிப் பனியில் முட்டு இழுத்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் வரும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வரும். மனைவி அவனை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் போய் நாட்டு வைத்தியரைக் கூட்டி வருவேன். அந்தப் பரியாரியார் வாசலில் கால் வைக்கும்போதே "என்ன வருத்தம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விடும். அதற்குமேல் நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சென்னைக்கு வந்தபின், கடல்காற்றோ என்னவோ, முட்டு குறைந்தது. என் பயம் குறையவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துப் போத்தலில் ஊற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினேன். இங்கே கொசு கடித்தால் யானைக்கால் வரும் என்று யாரோ சொல்ல, வேலை முடிந்து வந்ததும் அவன் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மீசை அரும்பிய பிறகும் அமுக்கினேன். "ஐயா, விடுங்கோ" என்று காலை இழுத்துக்கொள்வான். நம்மவர் வழக்கப்படி அவன் என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவான்.

இந்த வருடம் அவன் காலேஜில் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவன்தான். அங்கே புதுப் பிள்ளைகளை டாக்டர் பார்த்து, தகுதி என்று எழுதினால்தான் விளையாட்டில் சேர்ப்பார்கள். பாலனுக்கு ஹாக்கி என்றால் உயிர். வெயிலிலும் புழுதியிலும் ஓடி மறுபடியும் முட்டு இழுத்தால் என்ன செய்வது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் ஐயா. உங்கட கதையைக் கேட்டால் பெடியள் சிரிப்பாங்கள்."

என் பேச்சைக் கேட்டுப் பையன்கள் சிரிக்கக் கூடாதென்று, வாயே திறப்பதில்லை என எனக்குள் முடிவுகட்டிக்கொண்டு, அச்சுக்கூடத்தில் சொல்லிவிட்டு, மை பட்ட வேட்டியோடு போனேன். பையன்கள் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். டாக்டர் வயதானவர். பாலன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பேஷ். முன்னாடி உடம்புக்கு ஏதாவது வந்துண்டிருந்ததோ?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றான் பாலன்.

"சின்னனிலிருந்தே வருத்தக்காரன், டாக்டர்" என்றது என் வாய்.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன வருத்தம்?" என்றார்.

பரியாரியார் கேட்ட அதே கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் அவர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஆத்துல ஏதாவது சண்டையா? அம்மா இருக்காளோல்லியோ?"

"தாய் இருக்கிறா. அவவுக்கும் ஒரு கிழமையா வருத்தந்தான். படுத்த படுக்கை."

"அடடா. நீங்க எப்படி?"

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, டாக்டர்."

வரிசையில் ஒருவன், "மச்சி, வூடே அழுதுகினு கீது, நைனா மட்டும் குஷியா கீறாரு" என்றான். சிரிப்பு கடைசிப் பையன் வரை போனது. அப்போதுதான் என் பிழை எனக்கு உறைத்தது. திருத்த நினைத்து, "அதில்லை டாக்டர், முட்டு. முட்டு இழுக்கும்" என்றேன். டாக்டர் குனிந்து பாலனின் முழங்காலைத் தட்டி, "இங்கேயா?" என்று கேட்டார். ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டிக் காட்டினான். டாக்டரே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். "காலேஜ் வயசுல என்ன வருத்தம்? ஓடி ஆடினா எல்லாம் சரியாப் போயிடும்" என்று பேனாவை எடுத்தார்.

பாலன் பேசாமல் நின்றிருந்தால் போதும், ஹாக்கி அவனுக்குத்தான். அவன் முகம் சிவந்து கிடந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், அவங்க ஊர்ல வருத்தம்னா வியாதி. முட்டுன்னா இழுப்பு. சின்ன வயசுல எனக்கு இழுப்பு இருந்துது. ஓடினா இப்பவும் கொஞ்சம் வருது. எங்க அப்பா அதைத்தான் சொல்றாரு."

யாருடைய அப்பா என்று நான் ஒரு கணம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

சிரிப்பு நின்றது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, பாலனை நின்ற இடத்திலேயே குதிக்கச் சொல்லி, முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "இந்த வருஷம் ஓட்டம் வேண்டாம். அடுத்த வருஷம் பார்ப்போம். நல்லவேளை சொன்னே" என்றார்.

நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. ஆனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. இப்பவும் இழுக்கிறது என்பதைத் தினமும் கணுக்காலை அமுக்கிப் பார்த்த எனக்கு அவன் சொன்னதில்லை. சொன்னால் நான் என்ன ஆட்டம் ஆடுவேன் என்று அவனுக்குத் தெரியும். நம் ஊரில் பிறந்த பிள்ளை, அவங்க ஊர் என்கிறான். அதே மூச்சில், இத்தனை பையன்கள் முன்னால், என்னை அப்பா என்கிறான்.

வெளியே வந்து இருவரும் நடந்தோம். உலக யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனபின் இங்கே கரியில் ஓடும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், தெருவெல்லாம் புகையாக்கியது. பாலன் நின்று இருமினான். என் கை அவன் முதுகுக்குக் கிட்டப் போய் நின்றது. முட்டா என்று கேட்பதா, இழுப்பா என்று கேட்பதா என்று தெரியவில்லை. ஒன்றும் கேட்காமல், புகை அடங்கும்வரை அவன் பக்கத்தில் நின்றேன்.