டாக்டரம்மாவுக்குக் காலைக் காட்டலாமா

ஆர்.கே.பேட்டையைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊருக்கு டாக்டர் போனில்தான் வருவார். ஒரு வாரம் நர்ஸ் ஸ்கூட்டியில் வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டுப் போவார். மறு வாரம் வீடியோவில் டாக்டரம்மா பேசுவார். தனியாக இருக்கும் அப்பாவை இதில் சேர்த்துவிட்டது நான்தான். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் வேலை, புதுவாயலில் குடித்தனம். வேறென்ன செய்ய?

அப்பாவுக்கு டாக்டரம்மா வீட்டுக்கு வந்த விருந்தாளி. வீடியோ நாளன்று குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, போனை ஸ்டூலின் மேல் சாய்த்து வைத்து எதிரில் உட்காருவார். “நாஷ்டா துன்னியாம்மா?” என்று முதலில் அவர்தான் விசாரிப்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்றால், “நல்லாகீறேம்மா.” காய்ச்சலில் அனலாகக் கொதித்தாலும் இதே பதில்தான். வந்தவர்களிடம் குறை சொல்வது மரியாதை இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் லீவில் போயிருந்தேன். அப்பாவின் வலது கால் வீங்கி, பெருவிரல் ஓரம் கறுத்திருந்தது. கழனியில் முள் குத்தியதாம், ரொம்ப நாளாகவே இப்படித்தானாம்.

“டாக்டராண்ட ஏன் காட்டல, நைனா?”

“படிச்ச பொண்ணு. அது மூஞ்சிக்கு நேரா காலை நீட்டச் சொல்றியா?”

“மரியாத பாத்துகினே இரு. கால எடுத்துட்டா இன்னா பண்ணுவே?” என்று கத்திவிட்டேன். உண்மையில் எனக்குப் பயம். கால் இல்லாவிட்டால் அவர் கழனிக்குப் போக முடியாது. போகாமல் அவரால் இருக்கவும் முடியாது.

நர்சுக்குப் போன் செய்தேன். முறை நாள் இல்லையென்றாலும் மதியமே வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்து, அப்பா இழுக்க இழுக்க விடாமல் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் டாக்டரம்மாவை வீடியோவில் அழைத்து, போனைக் காலுக்கு நேராகப் பிடித்தேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, “தப்பா எடுத்துக்காதம்மா” என்றார்.

டாக்டரம்மா உற்றுப் பார்த்தார். “சிஸ்டர், சுத்தி லேசா அழுத்துங்க. ஐயா, வலிக்குதா?”

“இல்லம்மா. நல்லாக்கீது.”

நர்ஸ் இன்னும் கொஞ்சம் மேலே அழுத்தினார். அங்கேயும் நல்லாக்கீதாம். டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. “உணர்ச்சியே இல்லன்னா கஷ்டம்மா. விரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வரும்” என்றார் என்னிடம்.

நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“நைனா, வலிச்சாத்தான் கால் பொழைக்கும். உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன், உள்ளதச் சொல்லு.”

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். நர்ஸ் மறுபடியும் அழுத்தினார்.

“வலிக்குது தாயி,” என்றார், கண் கலங்க. “உசுரு போவுது.”

“அப்பாடா!” என்றார் டாக்டரம்மா. “இன்னிக்கே திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. காப்பாத்திடலாம்.”

நர்ஸ் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு வலிக்கிறது என்று கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.