ஒன்பது மணிக்கு மின்சாரம் இல்லாத தோட்டம்

மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது ஹட்டன் அலுவலகத்தில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. கம்பனியின் ஒவ்வொரு தேயிலைத் தோட்ட அலுவலகத்திலும் ஒரு சின்ன சர்வர் இருந்தது. கொழுந்து நிறையெல்லாம் அதில்தான் பதிவாகும். ஏதாவது மாற்ற வேண்டுமானால் நான் பஸ் ஏறி அக்கரப்பத்தனை வரை போக வேண்டும். திரும்பி வருவதற்குள் பால் கட்டி நெஞ்சு வலிக்கும்.

அதனால்தான் டெம்ப்ளேட் முறைக்கு நானே அனுமதி கேட்டேன். சர்வர் என்னென்ன செய்ய வேண்டும், அன்றைய பதிவின் பிரதியை எத்தனை மணிக்கு ஹட்டனுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கோப்பை எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவாக ஹட்டனில் ஒன்றே எழுதி, தோட்டத்தின் பெயர் வரும் இடத்தை மட்டும் வெற்றிடமாக விடுவது. தினமும் காலையில் ஒவ்வொரு சர்வரும் அதை எடுத்து, தன் விவரத்தை நிரப்பி, தனக்கான கோப்பைப் புதிதாக எழுதிக்கொள்ளும்.

"செய்து பாரும் பிள்ளை. சரிவரேல்லை எண்டால் பழையபடி பஸ்தான்" என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான மேலதிகாரி.

மாதம் முடியுமுன்பே ஒரு தோட்டத்திலிருந்து தினசரிப் பிரதி வருவது நின்றுவிட்டது. அங்குள்ள கிளாக்கர் போனில் வந்தார்.

"மிஸ், இந்தப் பொட்டியில பேய் கீய் புகுந்துருச்சா? பிரதி போற நேரத்த நேத்து நாலு மணினு மாத்தி வச்சுட்டுப் போனேன். காலையில பாத்தா மறுபடி ஒம்பது மணினு நிக்குது!"

"ஏங்க மாத்துனீங்க?"

"தண்ணி எங்க மிஸ் இருக்கு? மழ இல்லாத மாசத்துல ராத்திரி டர்பைன நிப்பாட்டிருவாங்க. ஒம்பது மணிக்கு இங்க லைட்டே இல்ல. ஒங்க ஹட்டன் மாதிரினு நெனச்சீங்களா?"

அந்தத் தோட்டத்துக்கு ஆற்று நீரில் ஓடும் சொந்த டர்பைன்தான் மின்சாரம் தந்தது. நான் இரவு ஒன்பது மணி என்பதைப் பொதுப் பகுதியிலேயே எழுதியிருந்தேன். அவர் கையால் திருத்துவதை என் டெம்ப்ளேட் காலைதோறும் அழித்துக்கொண்டிருந்தது.

மேலதிகாரியிடம் சொன்னேன்.

"ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு மாதிரி எண்டால் உந்தப் பொதுக் கோப்பு என்னத்துக்கு?"

அதே கேள்வி எனக்கும் இருந்தது. நேரத்தையும் வெற்றிடமாக விடுகிறேன், தோட்டம் எதுவும் சொல்லாவிட்டால் ஒன்பது மணி, சொன்னால் அது சொல்லும் நேரம் என்றேன்.

"சரி, செய்யும். நாளைக்கும் வரேல்லை எண்டால் நீர்தான் போகவேணும்."

எல்லாத் தோட்டங்களுக்கும் போன் செய்து மின்சாரம் எப்படி என்று விசாரித்தேன். கோப்பைத் திருத்திய பின் கிளாக்கரிடம், "இனிமே கையால மாத்தாதீங்க, எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"மாத்துனா மட்டும் நீங்க விட்டுறவா போறீங்க?" என்று சிரித்தார்.

மறுநாள் நாலு மணி தாண்டியதும் பிரதி வந்தது. வெறும் கோப்பாக இருக்குமோ என்று திறந்து பார்த்தேன். கொழுந்து நிறை இருந்தது. மேலதிகாரி எட்டிப் பார்த்து, "அப்ப இப்பிடியே நடக்கட்டும்" என்றார். இனி அக்கரப்பத்தனைக்குப் போக வேண்டியதில்லை என்று கணவருக்குப் போனில் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், நாலு மணிக்குப் பின் நிறுக்கும் கொழுந்து அன்றைய பிரதியில் வராதே என்று தோன்றியது. அது மறுநாள் பிரதியில் சேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.