நஞ்சப்பனுக்குப் பிடிக்காத டீ

நஞ்சப்பன் பம்ப்செட் மெக்கானிக். அன்னூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மோட்டார் ஓடாமல் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போனதும் குடிக்க ஏதாவது வரும். ஒரு தோட்டத்தில் காபி தார் மாதிரி இருக்கும். இன்னொன்றில் மோர் புளித்து நுரைத்திருக்கும். சில தோட்டங்களில் அவருக்கென்று ஒரு டம்ளரை மோட்டார் ரூமில் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதில் குடித்து, தானே கழுவி, அதே இடத்தில் கவிழ்த்துவிட்டு வருவார். எங்கே எதைக் குடித்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "நல்லாருக்குதுங்க."

வீட்டிலும் அப்படித்தான். குழம்பில் உப்பு இல்லை என்பது மனைவி பாவாத்தாள் சாப்பிட உட்காரும்போதுதான் அவளுக்கே தெரியும். அதற்குள் அவர் முழுச் சோற்றையும் தின்றுவிட்டு எழுந்திருப்பார்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். "எத்தனையோ மோட்டாருக்கு நான் கரண்ட் குடுத்தேன், இப்ப எனக்கே குடுக்கறாங்க" என்று அங்கே நர்ஸுகளைச் சிரிக்க வைத்தாராம். கட்டி கரைந்தது. வாய்ப்புண்ணும் மெல்ல ஆறி வந்தது. ஆனால் மனிதர் சாப்பிடவில்லை. சட்டை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு இளைத்துவிட்டார். அப்போதுதான் பகல் நேரத்துக்கு என்னை வைத்துக்கொண்டார்கள். வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். இந்த வயதிலும் அந்த வேலைதான் செய்கிறேன்.

அடுத்த முறை எடை பார்க்கும்போதும் இறங்கியிருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நஞ்சப்பனுக்கு அது பெரிய பயம். மூக்கில் குழாயோடு எந்தத் தோட்டத்துக்குப் போவது, யார் வேலை கொடுப்பார்கள் என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

அப்படியானால் சாப்பிட வேண்டும். சாப்பாடு ஏன் உள்ளே இறங்கவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும். விழுங்கினால் வலிக்கிறதா, குமட்டுகிறதா, ருசி தெரிகிறதா என்று தினமும் கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க்கா, நல்லாருக்குது" என்பார். பாவாத்தாள் உடம்பில் பிடிக்கட்டும் என்று பால் கஞ்சி, வெல்லம் போட்ட ராகிக் கூழ், பாயசம் என்று இனிப்பாகவே காய்ச்சி ஊற்றினாள். இரண்டு வாய் குடித்து, பாராட்டிவிட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைப்பார். கத்துகிற நோயாளியைச் சமாளித்துவிடலாம். வலி எங்கே என்று அவனே சொல்லிவிடுவான். மரியாதைக்கார நோயாளிதான் கஷ்டம். இதை அவரிடமே சொன்னேன். அதற்கும் "சரிங்க்கா" என்றார்.

மருமகள் அன்புக்கரசி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். ஒருநாள் அங்கே விற்க வந்த புது க்ரீன் டீ பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். எலுமிச்சை, துளசி, புதினா, ஏதோ பழவாசனை எல்லாம் கலந்தது. மாமாவுக்குத் தெம்பு வரும் என்று ஆசை அவளுக்கு. அன்றைக்கு அவர் எழுந்து உட்காரவே சிரமப்பட்டார். பெட்டியில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்துப் பார்த்தேன். அரை டம்ளரில் கெடுதல் ஒன்றுமில்லை. நன்றாக ஆறவைத்து, சூடு விரலுக்கே தெரியாத பதத்தில் கொடுத்தேன். நாங்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம்.

பாவாத்தாள் மோந்து பார்த்தாள். மாட்டுக்குக் கலக்குகிற தவிட்டுத் தண்ணி இதைவிட வாசமாக இருக்கும் என்றாள். அன்புக்கரசி சிரித்துக்கொண்டே மாமனார் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. கண் இடுங்கியது, மூக்கு சுருங்கியது. பிறகு விழுங்கினார்.

"இது நல்லால்லீங்க" என்றார்.

பாவாத்தாள் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சோப்புத் தண்ணியில எலுமிச்சங்காய அலசுனாப்பல இருக்குது. கடைசீல கசக்குது." சொன்ன பிறகுதான் மருமகள் முகம் வாடியதைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காத அம்மணி."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். இன்னொரு வாய் குடிக்கச் சொன்னேன். புளிப்பு தெரிகிறதா? தெரிகிறது. கசப்பு? அதுவும்தான். பால் கஞ்சியில் இனிப்பு தெரிந்ததா? மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"மண்ணாட்ட இருக்குதுங்க்கா. இனிப்பு துளிகூடத் தெரியறதில்ல. வாயெல்லாம் பசையாட்ட ஒட்டிக்குது, எறங்க மாட்டீங்குது. அவ அடுப்புல நின்னு காச்சறா, எப்படிங்க சொல்றது?"

பாவாத்தாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஏனுங்க, அப்ப நான் இத்தன வருசமா ஆக்கிப் போட்டதெல்லாம் நல்லாருக்குதுன்னீங்களே, அது?"

"கொள்ளுப் பருப்புல எப்பவும் உப்பு கொஞ்சம் தூக்கலுங்க" என்றார் நஞ்சப்பன். அன்புக்கரசி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ருசி ஒவ்வொன்றாகத் திரும்புவது நல்ல அறிகுறி, இனிப்பு பிறகு வரும், புண்ணில் எரியாத அளவு புளிப்பு கொடுங்கள் என்றாள். அரிசிம்பருப்புச் சோற்றை மிளகாய் இல்லாமல் குழைய வேகவைத்து, நெய் விட்டு, எலுமிச்சை நாலு சொட்டு பிழிந்தோம். தயிர்ச் சோற்றை மோர் ஊற்றித் தளர்த்தினோம். ஒவ்வொரு வாய்க்கும் நஞ்சப்பன் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது என் கண்டிப்பு. முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டார். பிறகு பழகிக்கொண்டார். புளிப்புப் பத்தல, இது தொண்டையில் நிற்கிறது, நெய் அதிகம் என்று சொல்ல ஆரம்பித்தார். மாமியார் வந்து குடியிருப்பது போல் இருக்கிறது என்று பாவாத்தாள் என்னிடம் குறைபட்டாள். ஆனால் அவர் சொன்னதை மறுவேளை திருத்தாமல் விடவில்லை.

எடை பார்க்கும் நாளில் நானும் கூடப் போனேன். முள் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. குழாய் வேண்டாம், இப்படியே வாயால் சாப்பிடட்டும் என்றார் டாக்டர். நஞ்சப்பன் எடை மெஷினிலிருந்து இறங்காமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

இப்போது நான் வாரம் ஒரு தடவைதான் போகிறேன். போன வாரம் வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு அதன் செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாவாத்தாள் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"இன்னிக்கு என்ன குறைங்க?"

அவர் மென்று விழுங்கிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணுமில்ல. இன்னொரு கரண்டி போடு."