கட்டோடு நின்ற கால்

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாகப் பத்தொன்பது வருஷம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், உட்கார ஒரு முக்காலி கிடையாது. கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கடை சாத்தும்வரை புடவையை உதறி உதறிக் காட்டிவிட்டு, மறுபடி நின்றுகொண்டே வீடு திரும்புவேன். இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது, அரித்தது, ஒரு நாள் புண்ணாகி நீர் வடிந்தது.

வீட்டில் ஒருத்தருக்கும் அதிர்ச்சியே இல்லை. "அப்பன் காலு அப்படியே வந்துக்கிது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அப்பாவுக்கும் அதே இடத்தில் புண். சாகிறவரை ஆறவில்லை. பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கரும்புக்குத் தண்ணீர் கட்டினார். விசேஷ வீட்டில் பந்தியின் கடைசி இலையில், காலை உள்ளே இழுத்து மடக்கி உட்காருவார். என் கல்யாணத்தில் பாத பூஜை என்று ஐயர் கூப்பிட்டபோது அவரைக் காணோம். தாம்பாளத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஏறி நின்றார்கள். நான் கழுவி மஞ்சள் பூசியது பெரியப்பாவின் காலை. அப்பா மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்ததாக அப்புறம் சொன்னார்கள். இருபத்தைந்து வருஷமாகியும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அண்ணனுக்கும் அதே கால்தான். போன வருஷம் இருவரும் ஒரே வாரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் நரம்புக்கு ஆபரேஷன் செய்துகொண்டோம். இரண்டே மாதத்தில் அண்ணன் புண் மூடித் தோல் வந்துவிட்டது. டிராக்டர் ஏறிவிட்டார். என் புண் மட்டும் வாயைத் திறந்துகொண்டே கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் ஆறிவிட வேண்டும், நான் தாம்பாளத்தில் நிற்க வேண்டும், வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது இல்லை.

பார்க்க வந்தவர்களெல்லாம் எனக்குத் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்கள். "வாயக் கட்டுனாதானே ஆறும்! கத்திரிக்கா, கருவாடு எல்லாம் துண்ணுக்கினு இருந்தா எப்படி?" என்றார் அண்ணி. அட ஆண்டவனே, கருவாட்டுச் சட்டியைப் பார்த்தே நாலு மாசம் ஆகியிருந்தது. அண்ணன்தான் வாரம் தவறாமல் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார்.

கட்டு மாற்றப் போனபோது இதையெல்லாம் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கொட்டினேன். அவர் கட்டை அவிழ்த்துப் புண்ணை அளந்துகொண்டே சொன்னார். "கருவாடு மேல பழி போடாதீங்க. கால்ல ரத்தம் தேங்கிக் கசிஞ்சா அதுல இருக்கிற இரும்பு தோல்ல தங்கிடும். அதைச் சமாளிக்கிறது, புண்ணுல புதுச் சதை வளக்கிறது, இதுக்கெல்லாம் மரபணுவும் ஒரு காரணம். ஒரே அப்பாவா இருந்தாலும் அவர்கிட்டருந்து ஆளுக்கு ஒரு பங்குதான் வரும். உங்க அண்ணன் பங்கு வேற, உங்க பங்கு வேற. அதான் உங்களுக்கு லேட்டாவுது."

என் மேல் தப்பில்லை என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டு அழுகை வந்தது. அடுத்த நிமிஷமே கோபம். "அப்ப இது ஆறவே ஆறாதா? எங்கப்பா மாதிரியே நானும் போவணுமா?"

"லேட்டாவும்னுதான் சொன்னேன், ஆறாதுன்னு சொல்லல. உங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்துச்சா? இப்படி இறுக்கிக் கட்டு போட்டாங்களா? உங்களுக்கு இருக்கு. நான் அவுக்கிற வரைக்கும் இதை அவுக்காதீங்க. அது போதும்."

கல்யாண நாளும் வந்தது. புண் ஒரு ரூபாய்க் காசளவு மிச்சமிருந்தது. விரலடியிலிருந்து முழங்கால்வரை கட்டு. காலையில் மணமகள் அறைக்குள் அண்ணி வந்து கதவைச் சாத்தினார்.

"ஒரு மணி நேரந்தானேம்மா, அவுத்துட்டு நில்லு. இல்லன்னா உங்க அண்ணனும் நானும் நிக்கிறோம். சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. காலில் புண் உள்ளவர் ஒதுங்குவார், காலில் புண் இல்லாதவர் ஏறி நிற்பார்.

"அவுக்க மாட்டேன் அண்ணி. ஒதுங்கவும் மாட்டேன். என் பொண்ணு என் காலத்தான் கழுவணும்."

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு தாம்பாளத்தில் முதலில் அவர்தான் ஏறினார். நான் ஏறினேன். புடவை கட்டை மறைத்துத் தொங்கியது. கடையில் ஆயிரம் பேருக்குப் புடவை தூக்கிக் காட்டியவளுக்கு இதற்கா வெட்கம்? கொசுவத்தைப் பிடித்து முழங்கால்வரை தூக்கினேன். மண்டபமே பார்க்கட்டும்!

மகள் வலது காலைக் கழுவினாள். இடது காலில், கட்டில் ஒரு சொட்டு படாமல், ஈரத்துணியால் ஐந்து விரல்களையும் துடைத்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள்.

பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மா மெல்லக் கேட்டார். "இது இன்னாங்க, பரம்பரையா வர்றதா? பொண்ணுக்கும் வருமா?"

அண்ணியின் முகம் வெளுத்தது. நான் மெல்லச் சொல்லவில்லை. "வரலாம்ங்க. எங்கப்பாகிட்டருந்து எனக்கு வந்துச்சு. வந்தா ஒளிச்சு வெக்க மாட்டா, வைத்தியம் பண்ணிக்குவா."

மகள் தலையை நிமிர்த்தாமல், "ஆமாம் அத்தை" என்றாள். சம்பந்தியம்மா குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு, "தண்ணி பட்டுடாம பாத்துக்கம்மா" என்று மருமகளிடம் சொன்னார்.

ஆல்பம் போடும்போது போட்டோகிராபர் போன் செய்தான். "அக்கா, பாத பூஜை படத்துல அந்தக் கட்டு அசிங்கமா தெரியுது. கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டு நல்ல காலா வெச்சிடட்டா?"

"அந்தக் கட்டுல கை வெச்ச, ஆல்பத்த நீயே வெச்சுக்கோ. அதையே பெருசா போட்டு பிரேம் பண்ணிக் குடு."

கல்யாணமாகி ஏழாம் மாசம் புண் மூடியது. அந்தப் படம் எங்கள் கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அவர் படம் இடுப்புவரைதான் இருக்கிறது. அப்பாவின் கால் தெரிகிற படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.