மூன்று தட்டு, நான்கு சத்தம்

இது நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பவர்கள் வெள்ளவத்தையில் குடியிருந்து பார்த்ததில்லை. ஜொனாதனை எனக்கு இருபது வருடமாகத் தெரியும், கதை கட்டுகிற ஆள் இல்லை. அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

கொட்டாஞ்சேனையில் பழைய அம்ப், அதாவது கிற்றார்ச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, திருத்துவது அவன் தொழில். போன வருடம் அவனுடைய சிநேகிதன் கிளெமென்ற் கிற்றார் வாசிக்கும்போது கரண்ட் அடித்துச் செத்துப்போனான். அம்ப் இரைகிறது என்று கிளெமென்ற் நச்சரித்ததால், எர்த் வயரை வெட்டிவிட்டது ஜொனாதன்தான். எத்தனையோ பேர் செய்கிற குறுக்கு வழி அது. எர்த் போனால் இரைச்சல் போகும், ஆளைக் காப்பாற்றுவதும் அந்த வயர்தான் என்பதை அந்த நேரம் யாரும் நினைப்பதில்லை. வெட்டியதை ஜொனாதன் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதன்பிறகு அவனுக்கு அழுகையும் வரவில்லை, நித்திரையும் வரவில்லை. மரத்துப்போய்த் திரிந்தான். எந்த அம்பையும் திறக்கக் கை வரவில்லை.

இந்த மாசியில் ஒரு வால்வு அம்ப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அருள்நாயகி என்ற ரியூஷன் ரீச்சர் வீடு, வெள்ளவத்தையில் நான்காம் மாடி. லண்டனில் இருக்கும் தம்பி அனுப்பியது. மாதா கோயில் பாடகர் குழு வாங்கப் போகிறது. ஜொனாதன் நல்லது என்றால் எடுப்பார்கள். இன்னொருவருடைய உயிர் அவன் வாய்ச்சொல்லில் இருந்தது.

மூன்று பத்துக்கு சுவிட்சைப் போட்டான். உள்ளே கண்ணாடிக் குழல் வால்வுகள் சூடாகிச் சிவந்தன. வாசித்துப் பார்த்தான். சத்தம் தேனாக வந்தது. பலகை உறுதி, குமிழ்கள் ஆடவில்லை. இரைச்சல் துளியும் இல்லை. திறக்காமலே நல்லது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான்.

ஒரு சோதனை பாக்கி. கிற்றாரைக் கழற்றிவிட்டு, பின்பக்க இடைவெளியால் பென்சிலை விட்டு வால்வைத் தட்ட வேண்டும். பழுதான வால்வென்றால் அந்தத் தட்டு ஸ்பீக்கரில் கேட்கும்.

மூன்று தட்டுத் தட்டினான்.

டொக். டொக். டொக்... டொக்.

நான்கு.

கீழே ரயில் போனது. அதிர்வாக்கும் என்று பொறுத்தான். ரயில் போய் முடிந்தது. மூன்று இருபத்திரண்டு. திரும்பவும் மூன்று தட்டு.

நான்கு சத்தம்.

ப்ளக்கைப் பிடுங்கினான். சில விநாடியில் அடங்க வேண்டும். ஒரு நிமிடம் போனது. வால்வுகள் கறுத்தன.

டொக். டொக். டொக். டொக்.

இந்தமுறை அவன் தட்டவில்லை...

பாட்டுத் தொடங்குமுன் கிளெமென்ற் கிற்றார் பலகையில் அப்படித்தான் நாலு தட்டுவான்.

பயம் வர வேண்டும் என்று ஜொனாதனுக்குத் தெரிந்தது. வரவில்லை. பின்பலகையைக் கழற்றினான்.

எர்த் வயர் வெட்டியிருந்தது.

முனையை மடித்து, சிவப்பு ஒட்டுநாடா சுற்றி, மேலே நூல் கட்டியிருந்தது. அது அவன் கட்டுகிற கட்டு.

"இதை ஆர் திறந்தது ரீச்சர்?"

"ஒருத்தரும் இல்லை. பார்சலே நேற்றுத்தான் வந்தது."

ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே கிளெமென்றின் மனைவி றஷ்மியிடம் போனான். வயரை வெட்டியதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். அவள் உள்ளே போனாள். கிளெமென்ற் செத்த நாளிலிருந்து யாரும் தொடாமல் சீலையால் மூடிக் கிடந்த அவனுடைய அம்பை இழுத்து வந்து ஜொனாதன் முன்னால் வைத்தாள். இருவருமாகத் திறந்தார்கள்.

ஜொனாதன் வெட்டிய எர்த் வயர் முழுசாக இருந்தது. ஒட்டில்லை, கட்டில்லை. வயரின் மேல் பல வருடத் தூசி.

"எங்க வெட்டினீங்கள் அண்ணா? காட்டுங்கோ."

காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.