பன்னிரண்டு மணித் திசை

மெட்டா பெஹ்ரன்ஸின் கணவன் இறந்த செய்தி 1944 செப்டம்பரில் வந்தது. ஒரு பக்கக் கடிதம். எழுதியவன் லெஃப்டினன்ட் ஃபோல்க்மார் ஷ்டேடிங். அவன் தலைவனாக இருந்த டாங்கியைத்தான் லூடர் பெஹ்ரன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ‘உங்கள் கணவர் நெஞ்சில் குண்டு பாய்ந்து அந்த நொடியிலேயே உயிர் நீத்தார். வலி என்பதையே அறியவில்லை’ என்று எழுதியிருந்தது.

மெட்டா அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள். மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வார்டுக்குத் திரும்பினாள். அப்போது அவள் ஃபெர்டன் ஊரில் ராணுவ மருத்துவமனையில் நர்ஸ், தீக்காய வார்டில். அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் டாங்கிக்காரர்கள். அவர்கள் எப்படிச் சாகிறார்கள், சாக எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் கடிதம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். டாக்டர் சொல்லச் சொல்ல அவளே முப்பது நாற்பது எழுதியிருக்கிறாள். ஒன்பது நாள் கத்திச் செத்தவனுக்கும் அதே வரிதான்: அந்த நொடியில், வலியில்லாமல்.

ஆகவே லூடர் செத்துவிட்டான் என்பதைத் தவிர அந்தக் கடிதம் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. எப்படிச் செத்தான், யாரால் செத்தான் என்று தெரிந்த ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று முடிவு செய்தாள். அவன் கையில் கிடைக்கும்வரை அழுவதில்லை என்றும் முடிவு செய்தாள். அழுதால் கோபம் கரைந்துவிடும் என்பது அவள் வார்டில் கற்றது.

போர் முடிந்ததும் சொந்த ஊருக்கு வந்து, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் நர்ஸானாள். வெள்ளைத் தொப்பி, சைக்கிள், பின்னால் தோல் பை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கிழவர்களைக் குளிப்பாட்டுவது, சாகிறவர்கள் பக்கத்தில் உட்காருவது. ஊரில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர் மெட்டா. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களிடம், “எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு” என்பாள். ஏதோ தேர்வு எழுதப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1949-இல் ஹார்ம் டீட்யென் ரஷ்யச் சிறையிலிருந்து திரும்பினான். லூடரின் டாங்கியில் வயர்லெஸ்காரன் அவன்தான். ஓட்டுபவனுக்கு வலப்பக்கம், கியர்ப்பெட்டிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவன். மெட்டா மறுநாளே போய்க் கேட்டாள்.

“உடனே போயிட்டான், சிஸ்டர்” என்றான் ஹார்ம், தரையைப் பார்த்துக்கொண்டு. “நெஞ்சுல.”

அதற்குப் பிறகு அவன் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை வைத்தான். அவளுடைய சைக்கிளுக்குப் புது டயர் போட்டான். ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்னும் விறகு வெட்டி அவள் வாசலில் அடுக்கிவிட்டுச் சொல்லாமல் போனான். தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்புறம் நடந்தான். இவ்வளவு நல்லது செய்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று மெட்டாவுக்குத் தெரிந்தது. விறகை எரித்தாள். காத்திருந்தாள்.

1957 மார்ச்சில் ஒரு நாள் சைக்கிள் செயின் அறுந்து பட்டறைக்குப் போனபோது, ஹார்ம் ஒரு டிராக்டரின் படியில் உட்கார்ந்திருந்தான். கையில் தட்டச்சு செய்த காகிதம். அவளைக் கண்டதும் மறைக்கப் பார்த்தான்.

“குடு” என்றாள்.

கொடுத்தான். ஷ்டேடிங் எழுதியிருந்தான். போருக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய ராணுவத்தில் டாங்கிப் பயிற்சி அதிகாரியாகச் சேர விண்ணப்பித்திருக்கிறான். பழைய ஆவணங்கள் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், அவனுடைய போர்க்காலச் சேவையைக் கூட இருந்தவர்கள் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். ஒருவன் தந்துவிட்டான். இரண்டாமவன் ஹார்ம். சொல்ல வேண்டியதையெல்லாம் ஷ்டேடிங்கே எழுதி இணைத்திருந்தான். சாதாரண அலுவலக முத்திரை போதாது, நோட்டரி முன்னால் செய்தால் கனமாக இருக்கும், தானே நேரில் வந்து நகலை வாங்கிக்கொள்கிறேன் என்றும் எழுதியிருந்தான்.

மெட்டா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எதிரே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லு. புது நோயாளிகிட்ட கேக்கற மாதிரி கேப்பேன். கேட்டதுக்கு மட்டும் பதில். எங்க அடி விழுந்துது?”

“பின்னால. இன்ஜின்ல.”

“அப்ப லூடருக்கு?”

“ஒண்ணும் ஆகல.”

“தொடர்ந்து சொல்லு.”

“டாங்கில ஒரு முறை இருக்கு, சிஸ்டர். வெளியேறணும்னா தலைவர் ரெண்டு கட்டளை குடுக்கணும். முதல்ல ‘பன்னெண்டு’. அப்படீன்னா பீரங்கிக் குழாய் நேரா முன்னாடி பாக்கணும், கடிகாரத்துல பன்னெண்டு மாதிரி. அப்புறம்தான் ‘வெளியே’. ஏன்னா குழாய் கொஞ்சம் இடப்பக்கம் நின்னாலும் ஓட்டறவன் தலைக்கு மேல இருக்கற மூடி திறக்காது. குழாய் அது மேல நிக்கும். முதல் நாளே சொல்லிக் குடுக்கறது. பச்சைப் பையனுக்கும் தெரியும்.”

“அன்னிக்கு எங்க நின்னுது?”

“பதினொண்ணுல. சாலைக்கு இடப்பக்கம் ஒரு ரஷ்ய டாங்கியத் துரத்திட்டுத் தனியாப் போனோம். மத்த வண்டிங்க எல்லாம் பின்னால நின்னுடுச்சு. லெஃப்டினன்ட்டுக்குத் தொண்டை வலி.”

“தொண்டை வலியா?”

“பதக்கத்துக்கு அலையறவனை அப்படித்தான் சொல்லுவோம். கழுத்துல சிலுவைப் பதக்கம் தொங்கினாத்தான் வலி தீரும். லூடர்தான் கேலி பண்ணுவான், ‘லெஃப்டினன்ட் ஐயாவுக்கு யாராவது வெந்நீர் குடுங்கப்பா’ன்னு.”

லூடரின் குரல் அப்படியே அவள் காதில் விழுந்தது. அதை ஒதுக்கி வைத்தாள்.

“தீப்பிடிச்சதும்?”

“‘வெளியே’ன்னார். அவ்வளவுதான். கத்தும்போதே அவர் கால் வெளிய இருந்துது. சுடறவன் அவர் பின்னாடியே குதிச்சான், குண்டு நிரப்பறவன் பின்பக்கம் வழியா. என் மூடி வலப்பக்கம், திறந்துது. வெளிய வந்து பாத்தா குழாய் லூடர் மூடி மேல நிக்குது.”

“அவனுக்கு எவ்வளவு நேரம் இருந்துது?”

“மூணு நிமிஷம். கூடவும் இருக்கலாம். உள்ள கைச்சக்கரம் இருக்கு, அதச் சுத்தினா அரை நிமிஷத்துல குழாய் நகரும். நான் ஏறப் போனேன். பள்ளத்துல இருந்து துப்பாக்கிய நீட்டினார். ‘படு, வண்டி வெடிக்கும், படுக்கலேன்னா சுட்டுடுவேன்’னார்.”

“நீ?”

“படுத்தேன்.”

டிராக்டரிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மெட்டா அதற்குக் கீழே ஒரு டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

“உள்ளேர்ந்து தட்டினானா?”

“தட்டினான்.”

“மூணு நிமிஷமும்?”

“ஆமா.”

அவள் எழுந்து கதவுவரை போய் வந்தாள். ஹார்ம் தன்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

“எட்டு வருஷமா விறகு அடுக்கினியே, ஹார்ம். நான் கேட்டது விறகா?”

“இல்ல.”

“உன்னோடத நாம அப்புறம் பேசிக்குவோம். முதல்ல அவன்.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுதிடறேன். வேலை கிடைக்காது.”

“முட்டாளா நீ? நீ மாட்டேன்னா இன்னொருத்தனப் பிடிப்பான். போடறேன்னு எழுது. நோட்டரியே வேணும்னு எழுது. அவன் வர்றதுக்கு முதல் நாள் நாம போய் நம்ம வாக்குமூலத்தக் குடுப்போம். அவனோட சேவை முழுக்க, ஒண்ணு விடாம.”

பிறகு, இன்னொன்றும் கேட்டாள். “நல்லதா ஏதாவது செஞ்சானா? அதையும் எழுதணும். பொய்னு யாரும் சொல்லக் கூடாது.”

“நல்லாச் சுடச் சொல்லுவார். பயமில்ல, அந்த நாள் வரைக்கும். குழாயில பதினேழு வெள்ளை வளையம் போட்டிருந்தோம், அழிச்ச டாங்கிக்கு ஒண்ணுன்னு. பதினாலுதான் நிஜம். ஒண்ணு அடுத்த வண்டிக்காரன் அடிச்சது. ஒண்ணு கதிரடிக்கற மிஷின். ஒண்ணு...” ஹார்ம் நிறுத்தினான். “ஒரு வீடு. உள்ள ஆளுங்க இருந்தாங்க.”

“வண்டிய ஓட்டினது லூடரா?”

“ஆமா.”

“எழுது” என்றாள் மெட்டா.

நோட்டரியைத் தேர்ந்தெடுத்ததுதான் ஷ்டேடிங் செய்த தவறு. மெட்டா சாகக் கிடந்தவர்களின் உயில்களுக்காக நோட்டரி ரென்கெனோடு எத்தனையோ படுக்கையறைகளில் உட்கார்ந்திருக்கிறாள். நோட்டரி ஒரு பத்திரத்தைப் பதிவு செய்தால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டு வாசித்தே தீர வேண்டும். இணைப்புகளையும்தான். தாண்டக் கூடாது. அசல் அவருடைய இரும்பு அலமாரியில் இருக்கும். எழுதிக் கொடுத்தவன் கேட்கும்போதெல்லாம் நகல் கிடைக்கும். ரென்கென் ஒரு கமாவைக்கூட விழுங்காதவர். மாடு விற்கும் பத்திரத்தையும் சாகிறவனின் கடைசி விருப்பத்தையும் ஒரே குரலில் வாசிப்பவர்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை ரென்கெனின் அலுவலக வாசலில் ஷ்டேடிங் காரில் வந்து இறங்கினான். நல்ல கோட்டு, லேசான தொப்பை. ஹார்மின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

“டேய் ஹார்ம், கிழட்டு எலி! இன்னும் கிரீஸ் நாத்தம் போகலயா உன்கிட்ட? இது உன் வீட்டம்மாவா? வணக்கம்மா. நல்ல ஆளப் பிடிச்சிருக்கீங்க. கொஞ்சம் மந்தம்தான், சொன்னதச் செய்வான்.”

“அப்படித்தான் கேள்விப்பட்டேன்” என்றாள் மெட்டா. தன் பெயரைச் சொல்லவில்லை.

ரென்கென் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தொடங்கினார். படையில் சேர்ந்த நாள், பயிற்சி, கிழக்கு முனை, 1943 இலையுதிர் காலத்தில் டாங்கித் தலைவனானது, இரண்டு முறை காயம். ஷ்டேடிங் காலை நீட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தான். பதினேழு வளையங்கள் வந்தபோது சிரித்தான். “‘அவற்றில் பதினான்கு மட்டுமே...’” என்று ரென்கென் தொடர்ந்தபோது காலை மடக்கினான்.

“ஒரு நிமிஷம். இது நான் அனுப்பினது இல்லையே.”

“இது வாக்குமூலம் தருபவர் கொடுத்த வாசகம்” என்றார் ரென்கென். “‘...ஒன்று குடியிருந்த வீடு.’”

லித்துவேனியாவில் டாங்கி எரிந்த சாலை வந்தது. பதினொன்று வந்தது. சொல்லாமல் விட்ட கட்டளை வந்தது. நீட்டிய துப்பாக்கி வந்தது. ரென்கென் அதே குரலில் வாசித்தார்: “‘ஓட்டுநர் பெஹ்ரன்ஸ் காயமின்றி இருந்தார். சுமார் மூன்று நிமிடங்கள் உள்ளிருந்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார். நானும் லெஃப்டினன்ட் ஷ்டேடிங்கும் அதைக் கேட்டோம்.’”

ஷ்டேடிங் எழுந்தேவிட்டான். “வண்டி எரிஞ்சிட்டிருந்துது, மனுஷா! உள்ள அம்பது குண்டு! மூணு பேரக் காப்பாத்தினேன், அதுல நீயும் ஒருத்தன்! நன்றிகெட்ட நாயே, அன்னிக்கு உன்ன ஏற விட்டிருக்கணும்!”

“விட்டிருக்கணும்” என்றான் ஹார்ம். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

“நான் இங்க உக்காந்து இதக் கேக்க வேண்டியதில்ல.”

“போகலாம்” என்றார் ரென்கென். “போனால், வாசிக்கும்போது எந்த இடத்தில் எழுந்து போனீர்கள் என்பதைக் குறிப்பேன்.”

ஷ்டேடிங் நின்றான். பிறகு உட்கார்ந்தான். ரென்கென் இணைப்பை எடுத்தார். பன்னிரண்டு வருடங்களுக்கு மேலாக மெட்டா வைத்திருந்த கடிதம். நெஞ்சில் குண்டு, அந்த நொடியிலேயே, வலியை அறியாமல். கீழே கையெழுத்து, பதவி. ‘திருமதி மெட்டா பெஹ்ரன்ஸ் அவர்களுக்கு’ என்று முகவரி.

ஷ்டேடிங் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா... உங்க ஆறுதலுக்குத்தான் அப்படி எழுதினேன்.”

“அந்த வரிய நானும் நிறைய எழுதியிருக்கேன், ஐயா. நான் கொன்னவங்க வீட்டுக்கு எழுதல.”

“இது போய்ச் சேர்ந்தா என் வாழ்க்கையே போச்சு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க.”

“எத்தனை வயசு?”

“பத்து. ஏழு.”

“அப்ப பெரியவளுக்கு வாசிக்கத் தெரியும்” என்றாள் மெட்டா.

ரென்கென் பேனாவை நீட்டினார். ஹார்ம் எடுக்கவில்லை. ஷ்டேடிங் மேஜைமேல் குனிந்தான். குரல் தழைந்திருந்தது.

“ஹார்ம். வேண்டாம்டா. நாம ஒரே வண்டில சாப்பிட்டோம், தூங்கினோம். இது கட்டளை இல்ல. கெஞ்சறேன்.”

ஹார்ம் மெட்டாவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் செய்ய வேண்டியவன் அவன்தான். தான் தள்ளிவிட்டு அவன் செய்வது அவளுக்கு வேண்டாம். ஹார்ம் பேனாவை எடுத்து, பட்டறை ரசீதுகளில் போடுவதுபோலத் தடித்த எழுத்தில் முழுப்பெயரையும் எழுதினான்.

“நகல் எத்தனை வேண்டும்?” என்றார் ரென்கென்.

“ராணுவத் தேர்வுக் குழுவுக்கு ஒண்ணு” என்றான் ஹார்ம். “சிஸ்டருக்கு ஒண்ணு.”

ஷ்டேடிங் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தான்.

“ஐயா, ஒரு நிமிஷம்” என்றாள் மெட்டா, நோட்டரியிடம். “அவர் நடுவுல கத்தினதால எனக்குச் சரியாக் காதுல விழல. அந்த மூணு நிமிஷம் வர்ற பக்கம். சட்டப்படி நான் கேக்கலாமில்ல?”

“இணைப்பு உங்களுடையது. கேட்கலாம்” என்றார் ரென்கென். “இன்னும் முத்திரை வைக்கவில்லை. வாசிப்பு முடியவில்லை. திரு ஷ்டேடிங், போகிறீர்களா, உட்காருகிறீர்களா? நான் குறிப்பில் எழுத வேண்டும்.”

ஷ்டேடிங் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். பிறகு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

ரென்கென் பக்கத்தைப் பின்னால் புரட்டி, விரலால் அந்த மூன்று நிமிடங்கள் வரும் வரியைத் தேடி, அங்கிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.