இட்லிக்கார அண்ணாச்சியின் சடைப்பை

தாராவியில் எங்கள் சந்தில் கோமதிநாயகம் அண்ணாச்சி இட்லி வியாபாரம் செய்துவந்தார். அவருடைய இட்லியைத் தின்னாதவர்கள்கூட அவரை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டார்கள். தலையில் ஏழு சடை. பெண்கள் பின்னிக்கொள்கிற சடை என்று நினைத்துவிடாதீர்கள். முடியோடு முடி திரண்டு, ஆலம் விழுது போல இறுகி, முழங்காலைத் தொடுகிற சடை.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர். என் வீட்டுக்காரர் நஜிமுதீன் எதிரில் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். அண்ணாச்சியும் அவரும் ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். யார் யாருக்கு மாப்பிள்ளை என்று இருவருக்கும் தெரியாது.

பம்பாய்க்கு வந்த புதிதில் அண்ணாச்சிக்கு விஷக்காய்ச்சல் கண்டு, மாதக்கணக்கில் பாயோடு பாயாகக் கிடந்தாராம். எழுந்து உட்கார்ந்தபோது பின்னந்தலையில் முடி திரண்டு சீப்பு இறங்காமல் நின்றதாம். நாவிதரைக் கூட்டிவர ஆள் கிளம்பியபோது, அவர் மனைவி செண்பகவல்லி மைனி தடுத்துவிட்டார். "உசிரத் தந்தவ தலையில வந்து உக்காந்திருக்கா. கத்தி படக் கூடாது" என்றாராம். அவர்கள் சங்கரன்கோவில் பக்கம். கோமதியம்மன்தான் அவர்களுக்கு எல்லாம்.

சடை என்றால் குளிக்காமல் சீவாமல் சும்மா விடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். மைனியிடம் சொன்னால் சண்டைக்கு வருவார். சும்மா விட்டால் ஏழு சடையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடை மாதிரி ஆகிவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வேரில் புதிதாக முளைத்த முடியைக் கையால் பிரித்து, எந்தச் சடைக்கு எந்த முடி என்று பங்கு வைத்து, கற்றாழைச் சாறு தொட்டு உள்ளங்கையால் உருட்டிவிடுவார். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் உருட்ட வேண்டும். சீயக்காய்த் தூள் போட்டால் உள்ளே போய்த் தங்கிவிடும். அதனால் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றுவார். எங்கேனும் சடை மெலிந்திருந்தால் கறுப்பு நூலால் சுற்றிக் கட்டுவார். ஏழுக்கும் பெயர்கூட உண்டு. தடித்தது பெரியவன். எப்படிக் கட்டினாலும் நழுவி வெளியே வருவது ஓடுகாலி.

விடியற்காலையில் அண்ணாச்சி சடையைச் சுருட்டி உச்சியில் வட்டமாக வைத்து, சுத்தமான வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் இட்லிப் பானையைத் தூக்கி வைத்துக்கொண்டு மாஹிம் பக்கம் கிளம்பிவிடுவார். "அண்ணாச்சிக்குச் சும்மாடு செலவே கிடையாது. சாமியே சும்மாடு கொடுத்திருக்கு" என்று குழாயடியில் கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார்.

எண்பத்தாறாம் வருஷம் மழை பிடித்த சமயத்தில் அந்தச் சும்மாடே வினையாகிவிட்டது. ஈரம் குடித்த சடை இரண்டு மடங்கு கனக்கும். அதற்கு மேலே பானை. ஒருநாள் அண்ணாச்சிக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மொத்த உடம்பையும் சுற்றித் திருப்பிக்கொண்டு நின்றார். செம்பூரில் ஒரு தமிழ் டாக்டரிடம் அழைத்துப் போனோம். தங்கமான மனுஷன். பொறுமையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கழுத்தெலும்பு தேஞ்சிட்டு வருது. ரெண்டு பாரத்தைத் தாங்காது. பானையா முடியான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டுமே இல்லேன்னா கழுத்து சந்தோஷப்படும்."

வீட்டுக்கு வந்ததும் மைனி வாசலில் உட்கார்ந்துவிட்டார். "பானைய இறக்குனா சோறு போச்சு. சடைய இறக்குனா சாமி போச்சு."

"ரெண்டையும் வச்சிருந்தா கழுத்து போச்சு. நீ ஏன் மொகத்தத் தூக்குத? கழுத்து என்னுதுல்லா" என்றார் அண்ணாச்சி. வாய் சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. அந்தச் சடையை இழப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் கை தானாகப் பெரியவனைப் பிடித்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "பானைய சைக்கிள்ல கட்டுங்க மாப்ள. பட்டறையில ஒரு சைக்கிள் சும்மா கெடக்கு."

சைக்கிள் வந்தது. பானை பின்னால் ஏறியது. தலையில் சுருட்டினால் கழுத்து வலிக்கும் என்று சடையைத் தொங்கவிட்டுக்கொண்டு அண்ணாச்சி மிதித்தார். சந்து முனைகூடத் தாண்டவில்லை, ஓடுகாலி நழுவிப் போய்ப் பின்சக்கரத்துக் கம்பிக்குள் நுழைந்துவிட்டது. அண்ணாச்சி தலையை அண்ணாந்தபடி அப்படியே நின்றுவிட்டார். நாலு பேர் பிடித்துச் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டி அதை வெளியே எடுத்தோம். ஒரு இட்லிகூடக் கீழே விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

"தலையிலயும் வைக்கக் கூடாது, தொங்கவும் விடக் கூடாது. பின்ன இத எங்க கொண்டு வைக்க, பேங்க்லயா?" என்றார் அண்ணாச்சி.

"பையில வைக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அண்ணாச்சியை நிற்கவைத்து நாடா பிடித்து அளந்தார். முதுகில் தொங்குகிற மாதிரி ஒரு பை. பட்டை இரண்டு தோளிலும் ஏறிக்கொள்ளும். சடையை மடித்து உள்ளே வைத்து, பிடரியில் மட்டும் ஒரு கையளவு தளர்த்திவிட்டால் தலை தாராளமாகத் திரும்பும். கனம் தோளுக்குப் போய்விடும், கழுத்துக்கு வராது.

"பள்ளிக்கூடப் பை தச்சிருக்கேன், பூட்டு வச்ச பை தச்சிருக்கேன். மசுருக்குப் பை தைக்கது இதான் மொதத் தடவ. ஆட்டுத் தோல்ல தச்சா பஞ்சு மாதிரி இருக்கும்."

"தோலு வேண்டாம் மாப்ள. தப்பா நெனைக்காதிய. அவ இருக்கிற எடம்."

"இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு? ரெக்சின்ல தச்சிருவோம். மழை ஒரு சொட்டு உள்ள போகாது."

பழுப்பு நிற ரெக்சினில் பை தயாரானது. மைனி அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தார். இரண்டு வாரத்தில் அண்ணாச்சிக்குக் கழுத்து வலப்பக்கமும் போனது, இடப்பக்கமும் போனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அதன் பிறகுதான் வியாபாரம் விழ ஆரம்பித்தது. முதலில் மாஹிம் டீக்கடை கரீம் பாட்சா கேட்டார், "அண்ணாச்சி, மாவு ரொம்பப் புளிச்சிருச்சோ?" இட்லியை முகர்ந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் தையல்கடையில் கேட்டார்கள். அதற்கு மறுநாள் யாரும் கேட்கவில்லை, வாங்கவும் இல்லை. மைனி உளுந்தை மாற்றினார். அரிசியை மாற்றினார். புளி போட்டுப் பானையைத் தேய்த்தார். ஆட்டுக்கல்லுக்குத் திருஷ்டி சுற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. மீந்து வருகிற இட்லியைச் சந்து முழுக்கத் தின்றோம். மூன்று வேளையும் இட்லி. எங்களுக்குப் புளிப்பே தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். சடை தோளில் கிடந்தது. பை கையில் இருந்தது.

"தங்கச்சி, இத மாப்பிள்ளைட்ட குடுத்திரு. நாளைக்கு வெள்ளிக்கிழம. சடைய எடுத்து மாஹிம் கடல்ல விட்டுரலாம்னு இருக்கேன். பைக்குள்ள அடைச்சது அவளுக்குப் புடிக்கல. சோத்துல கை வச்சுட்டா. இனி நான் முரண்டு புடிக்கக் கூடாது."

பின்னால் மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் பையை வாங்கினேன். வாங்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. பையின் வாயிலிருந்து வந்த வாடை, நனைந்த துண்டை நாள் முழுக்க டப்பாவில் அடைத்து வைத்தால் வருமே, அதேதான். பொங்கி வழிந்த பழைய மாவின் வாடைக்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது. மழையில் காயாத சடை, காற்றுப் புகாத ரெக்சின். எங்கள் சந்தில் எப்போதும் பட்டறைப் பசை வாடை தூக்கலாக இருக்கும். அதில் எங்கள் மூக்குக்குத் தனியாகத் தெரியவில்லை. மாஹிம்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இட்லியில் பழியைப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இதை அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது? சாமி இருக்கிற இடம் என்று தோலைக்கூடத் தொடவிடாத மனுஷன். அந்தச் சடை நாறுகிறது என்று என் வாயால் வரவில்லை. நான் ஐந்து நேரமும் தொழுகிறவள். இன்னொருவருடைய நேர்த்திக்கடனை நான் வாய்தவறிக்கூட மட்டமாகப் பேசிவிடக் கூடாது. மனதுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டேன்.

"அண்ணாச்சி, ஆத்தாளுக்குக் கோவமில்ல. வேர்க்குது" என்றேன்.

"என்னது?"

"ரெக்சினுக்குள்ள காத்து வேணாமா? ஈரத்தோட அடைச்சு வச்சிருக்கோம். ஆத்தாளுக்கு வேர்த்துக் கொட்டுது. மாவு புளிக்கல, இந்தப் பைதான் புளிச்சிருக்கு. மோந்து பாருங்க."

அண்ணாச்சி பைக்குள் மூக்கை விட்டார். மெதுவாக வெளியே எடுத்தார். சடையின் நுனியையும் முகர்ந்து பார்த்தார்.

"செம்பகம், அரிசிய மாத்துனியே, உளுந்த மாத்துனியே, இந்தா, இத மோந்து பாரு."

மைனி முகர்ந்தார். முகம் போன போக்கைப் பார்த்து அண்ணாச்சி சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. மைனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது. பட்டறையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர், "தச்சவன் நான். என் மூக்கத்தான் மொதல்ல அறுக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சடை கடலுக்குப் போகவில்லை. வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீர், எலுமிச்சம்பழம், பூந்திக்கொட்டைத் தெளிவு என்று மைனியும் நானும் ஒவ்வொரு சடையாக அலசினோம். ஜமக்காளத்தைப் பிழிகிற மாதிரி ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் பிழிந்தோம். "வலிக்குது, நான் இங்கதான் இருக்கேன்" என்று அண்ணாச்சி நடுவில் ஞாபகப்படுத்தினார். பிறகு கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, சடையைத் தலைமாட்டுச் சட்டத்துக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே கங்கில் சாம்பிராணி போட்டோம். பட்டறையில் பசை காய வைக்கிற மேஜை விசிறியை ஒரு பக்கம் வைத்தோம். வெளியே மழை கொட்டியது. சந்து முழுக்கச் சாம்பிராணி மணம். அவர் வீட்டில் பூசையா எங்கள் வீட்டில் ஃபாத்திஹாவா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்துபோனார்கள்.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த என் வீட்டுக்காரர் புதுப் பை தைத்தார். இந்த முறை வெள்ளைக் கித்தான் துணி. நாலு பக்கமும் வரிசையாகத் துளை போட்டுப் பித்தளை வளையம் அடித்தார். மழைக்கு மேலே போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் முக்காடு. மழை விட்டால் கழற்றிவிடலாம்.

சனிக்கிழமை அண்ணாச்சி வெறும் பானையோடு திரும்பி வந்தார். வந்ததும் கதையை நடித்தே காட்டினார். மாஹிம் முனையில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தினாராம். முதுகுப் பையில் என்ன, சாராயமா என்று கேட்டாராம்.

"என் தலைமுடி சாப்னு சொன்னேன். நம்பலை. பையப் புடிச்சு இழுத்தாரு பாரு, என் தலையும் கூடவே போச்சு. தெறந்து பாத்தவரு தொப்பியக் கழத்தி ரெண்டு கையையும் கூப்பினாரு. நான் சும்மா விடுவனா? நாலு இட்லி வச்சுக் குடுத்தேன். அவர் தின்னத பாத்துக் கூட்டம் கூடிருச்சு. கரீம் பாட்சா அங்க வந்து, இன்னிக்கு மாவு பிரமாதம் அண்ணாச்சிங்காரு. அதே மாவுதான்னு நான் சொல்லல."

மைனி பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"அண்ணே, தொவைச்சுப் போட மாத்துப் பை ஒண்ணு வேணும். ஊர்ல கோயில் கொடைத் திருழாவுக்குச் சரிகை வச்சு ஒண்ணு."

"மாப்பிள்ளைக்கு இருக்கது ரெண்டு வேட்டி. சடைக்கு மூணு சட்டையா?"

"வேட்டிய யாரு பாக்கா?" என்றார் மைனி. அண்ணாச்சி கழுத்தை நன்றாகத் திருப்பி அவரைப் பார்த்தார்.